காவலும் மருத்துவமும்: இந்திய மனநலச் சட்டங்களில் கட்டாயச் சிகிச்சை

முன்னுரை

மனநோயுற்ற ஒருவர் தமக்கு நோய் இல்லை என்றும் மருந்து வேண்டா என்றும் கூறும்போது, அவரை வற்புறுத்தி மருத்துவத்திற்கு உட்படுத்தலாமா என்னும் வினா மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் மட்டும் உரியதன்று. நீரிழிவு நோயாளி மருந்தை மறுத்தால் எந்தச் சட்டமும் அவரைத் தேடி வருவதில்லை. தொற்றுநோய்களையும், 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தொழுநோயாளர் அடைக்கப்பட்ட பழைய நிலையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நோயாளியின் மறுப்பை மீறி மருத்துவம் செய்யச் சட்டம் வழிவகுத்திருப்பது மனநோய் ஒன்றில்தான் எனலாம். மனித உரிமை, குடும்பம், அரசு, மருத்துவ அறிவு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது.

இந்தியாவில் இவ்வினாவிற்கு 1858, 1912, 1987, 2017 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பெற்ற சட்டங்கள் விடை கூற முயன்றன. இவற்றை இருளிலிருந்து ஒளிக்கு ஏறிய படிகளாக விளக்குவது பாடநூல் மரபு. அம்மரபை இக்கட்டுரை முழுதும் ஏற்கவில்லை. நெடுங்காலம் இந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது காவலையே; மருத்துவத்தை அன்று. மருத்துவம் தரக்கூடிய மருந்துகள் பிற்காலத்தே வந்தபோது, அவை காவலுக்கென எழுந்த கட்டடங்களுக்குள்ளும் காவலுக்கென எழுதப்பெற்ற விதிகளுக்குள்ளும் வந்து குடியேறின. ஆகவே ‘கட்டாயச் சிகிச்சை சரியா’ என்று வினவுமுன், ‘கட்டாயப்படுத்தப்பட்டது சிகிச்சைதானா’ என்று வினவுதல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்பெறும் கருத்தாகும்.

சொல்லும் இடமும்

தமிழ் மரபில் பித்து என்னும் சொல் இழிவை மட்டும் சுட்டியதன்று. சுந்தரர் இறைவனைப் பித்தன் என விளித்ததை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டில் சொ.விருத்தாசலம் தம் புனைபெயராகப் ‘புதுமைப்பித்தன்’ என்பதைத் தேர்ந்ததும் இம்மரபின் எச்சமே எனக் கருதலாம். சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டு வகையாகப் பகுக்கிறது. நோயாகவும் அருளாகவும் இருவகையில் நோக்கப்பெற்ற ஒன்று, அரசு நிருவாகத்தின் பொருளாக மாறியது காலனிய ஆட்சியில்தான்.

அந்த மாற்றத்தைப் பேச்சுவழக்கே பதிவு செய்து வைத்திருக்கிறது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றாலே போதும். கேட்பவர்க்குப் பொருள் விளங்கும். இந்தி வழங்கும் பகுதிகளில் ஆக்ராவும் ராஞ்சியும், ஐதராபாத்தில் எர்ரகட்டாவும், மலையாளத்தில் குதிரவட்டமும் ஊளம்பாறையும் இவ்வாறே ஊர்ப்பெயர் என்னும் நிலையைக் கடந்து வசைச்சொற்களாயின. ஊர்ப்பெயர் நோய்ப்பெயராவதற்கு, அவ்வூரில் ஒரு மதில் எழுந்திருக்க வேண்டும். வேறு எந்த நோய்க்கான மருத்துவமனையும் இந்திய மொழிகளில் இத்தகைய பெயரைப் பெறவில்லை என்பது நோக்கத்தக்கது.

கும்பினியாரும் மதில்களும்

சென்னையில் 1794-ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் மனநோயாளர்க்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அது தனியார் இல்லம். அங்கு வைக்கப்பட்ட நோயாளிகளுக்காகக் கும்பினி அரசு பணம் செலுத்தியது. அக்காலத்து இல்லங்களின் முதன்மை நோக்கம், நிலைதடுமாறிய வெள்ளையர் தெருவில் திரிந்து ஆளும் இனத்தின் மதிப்பைக் குறைத்துவிடாமல் காப்பதே என வால்ட்ராட் எர்ன்ஸ்ட் தம் ஆய்வில் நிறுவியுள்ளார். வெள்ளை நோயாளிகள் பலர் கப்பலேற்றப்பட்டு, 1818 முதல் இலண்டனை அடுத்த பெம்புரோக் இல்லத்திற்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் இங்கேயே இனவாரியாகவும் தகுதிவாரியாகவும் பிரிக்கப்பட்டு வைக்கப்பட்டனர்.

1857-இன் கிளர்ச்சி அடங்கியபின், ஆட்சி கும்பினியிடமிருந்து முடியரசின் கைக்கு மாறிய 1858-ஆம் ஆண்டிலேயே 34, 35, 36 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலிரண்டும் மனநோயுற்றோரின் சொத்து மேலாண்மை பற்றியவை. மூன்றாவதே இல்லங்கள் பற்றியது. நோயாளியின் உடல் பற்றிய சட்டம், அவருடைய நிலபுலன் பற்றிய சட்டங்களுக்குப் பின்னர் எண்ணிடப்பட்டதைத் தற்செயல் என்று தள்ளலாம். ஆயினும் அன்றைய முன்னுரிமையை அது சரியாகவே காட்டுகிறது.

36-ஆம் எண் சட்டத்தின்படி, திரிந்து அலையும் மனநோயாளியையும், மனநோயால் ஆபத்து விளைவிக்கக்கூடியவர் எனக் கருதப்படுவோரையும் பிடித்து நடுவர் முன் நிறுத்துவது காவலரின் கடமை. நடுவர் ஒரு மருத்துவரின் துணையுடன் ஆராய்ந்து, இல்லத்திற்கு அனுப்ப ஆணையிடுவார். காவலர், நடுவர், மதில் என்னும் இவ்வரிசையில் நோயாளியின் விருப்பத்திற்கு இடமில்லை. அவர் அங்குப் போய் என்ன மருத்துவம் பெறுவார் என்பது பற்றியும் சட்டம் அக்கறை கொள்ளவில்லை. சென்னையின் புதிய இல்லம் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் 1871-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னாளில் நகரத்தின் வசைச்சொல்லான இடம் அதுவே.

காவலரின் தாளும் நோயின் காரணமும்

இவ்வமைப்பின் உள்ளியல்பை அறிய விரும்புவார்க்கு, மனநோயோடு நேர்த்தொடர்பற்றதாகத் தோன்றும் ஓர் ஆவணம் பெரிதும் உதவுகிறது. அது 1893-94-ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட இந்தியக் கஞ்சா ஆய்வுக்குழுவின் அறிக்கை. கஞ்சாவினால் இந்தியாவின் மனநோய் இல்லங்கள் நிரம்பி வழிகின்றன என்னும் குற்றச்சாட்டு பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1893-இல் எழுப்பப்பட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை இல்லங்களின் ஆண்டறிக்கைப் புள்ளிவிவரங்கள். ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் ‘நோய்க்காரணம்’ என்றொரு பத்தி இருந்தது. அப்பத்தியில் கஞ்சா என்னும் சொல் மீண்டும் மீண்டும் இடம்பெற்றிருந்தது.

ஆய்வுக்குழு அந்த எண்களை அப்படியே ஏற்காமல், 1892-ஆம் ஆண்டுச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆராய்ந்தது. அப்போது வெளிப்பட்ட உண்மை வியப்பிற்குரியது. நோய்க்காரணத்தைக் கண்டறிந்து எழுதியவர்கள் மருத்துவர் அல்லர். நோயாளியுடன் காவல்துறை அனுப்பிய விவரத்தாளில் இருந்ததையே இல்லத்தின் எழுத்தர் பெயர்த்தெழுதினார். தெருவில் பிடிக்கப்பட்ட ஒருவரின் ஊர், உறவு, நோய் தொடங்கிய காலம் ஆகியவற்றைக் காவலர் பெரும்பாலும் அறியார். தாளில் பத்தியை வெறுமையாக விடுவதும் இயலாது. ஆகவே அவர் கஞ்சா புகைப்பவராகத் தோன்றினாலோ, யாரேனும் அவ்வாறு சொன்னாலோ அதுவே காரணமாயிற்று. காவலர் எழுதியது எழுத்தரிடம் நோய்க்குறிப்பாகி, ஆண்டறிக்கையில் புள்ளியாகி, இலண்டனில் அறிவியலாயிற்று. கஞ்சாவின்மீது சுமத்தப்பட்ட நேர்வுகளுள் பாதிக்கும் குறைவானவையே மறு ஆய்வில் ஓரளவேனும் நிலைத்தன.

ஜேம்சு மில்சு இந்நிகழ்வைக் கஞ்சாவின் வரலாற்றுக்காக விரிவாக ஆராய்ந்துள்ளார். நம் பொருளுக்கு அதன் பயன் வேறு. ஒருவரைக் கட்டாயமாக அடைக்கும் அதிகாரம் காவலரிடம் இருந்தபோது, அவருக்கு என்ன நோய் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடமே சென்று சேர்ந்தது. நோயைக் கண்டறிதலே காவலின் துணைவினையாகிவிட்ட நிலையில், அவ்விடத்தில் நிகழ்ந்ததைக் கட்டாயச் சிகிச்சை என்று அழைப்பது சொல்லைப் பிழைபடப் பயன்படுத்துவதாகும்.

1912: பெயர்கள் மாறிய காலம்

1912-ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம் முன்னிருந்தவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியது. இரு மருத்துவச் சான்றுகளுடன் உறவினர் விண்ணப்பிக்க நடுவர் சேர்க்கை ஆணை வழங்குதல், காவலர் பிடித்துவருதல், ஐயத்திற்குரியவரைப் பத்து நாள் வரை நோட்டத்தில் வைத்தல் ஆகியன அதில் விரிவாக இடம்பெற்றன. சிறியதொரு விதி மட்டும் புதியது: தாமாக முன்வந்து மருத்துவம் பெற விரும்புவோரை, இல்லத்தின் பார்வையாளர் இருவரின் இசைவோடு, தங்குநராக ஏற்கலாம். தம் விருப்பத்தால் மருத்துவம் நாடுவோர் உண்டு என்பதை இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. ஆனால் நாடி வருபவர்க்கும் பிறர் இருவரின் இசைவு வேண்டியிருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

ராஞ்சியில் ஐரோப்பியர்க்கான இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஓவன் பார்க்லி ஹில் போன்றோரின் முயற்சியால், 1920-ஐ ஒட்டிப் ‘பித்தர் இல்லங்கள்’ என்னும் பெயர் ‘மனநல மருத்துவமனைகள்’ என மாறிற்று. பெயர்ப்பலகை மாறியதே தவிர மதிலின் உயரம் குறையவில்லை. இதற்கு அரசின் சான்றே உளது. 1946-ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கைக்காக மூர் டெய்லர் என்பவர் நாட்டின் 19 மனநல மருத்துவமனைகளை நேரில் ஆராய்ந்தார். அவற்றில் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 10,000. நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 40 கோடி. பெரும்பாலானவை காலாவதியானவை என்றும், குணப்படுத்தும் நோக்கமின்றி அடைத்துப் பாதுகாக்கவே வடிவமைக்கப்பட்டவை என்றும் அவர் பதிவு செய்தார். சட்டம் கட்டாயமாக அனுப்பிய இடத்தில் சிகிச்சை இல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த வாக்குமூலம் தேவையில்லை.

கூடாரமும் சமையலறையும்

விடுதலைக்குப் பின் இருவகை மாற்றம் நிகழ்ந்தது. ஒன்று மருந்து. 1950-களில் குளோர்புரோமசின் வந்தபின், கட்டிவைத்தாலன்றி அடங்காதவர் எனக் கருதப்பட்டோர் பலர் வீடு திரும்பும் நிலை உண்டாயிற்று. மற்றொன்று குடும்பம். அமிர்தசரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யா சாகர், இடநெருக்கடியால் தவித்த நிலையில், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியின் உறவினரையும் தங்கவைத்தார். நோயாளிகள் விரைவில் தேறினர். உறவினர் நோயைப் புரிந்துகொண்டு ஊர் திரும்பினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடன்தங்குதலையே நெறியாகக் கொண்டது. கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்ததும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. மேனாட்டு மருத்துவ வரலாற்றில் குடும்பம் நோயாளியை மருத்துவமனை வாயிலில் ஒப்படைத்துவிட்டுப் பிரியும். இந்தியாவில் குடும்பம் வாயிலுக்குள் நுழைந்தது. உலக மனநல வரலாற்றுக்கு இந்நாடு அளித்த கொடைகளுள் இது தலையாயது என்பது என் கருத்து.

ஆயின் இதற்கு மறுபக்கமும் உண்டு. வற்புறுத்தும் வேலை காவலர் கையிலிருந்து குடும்பத்தின் கைக்கு மாறியது. மாத்திரையை மறுக்கும் மகனுக்குத் தாய் அதைப் பொடித்து மோரிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் இந்திய மருத்துவர் யாவரும் அறிந்தது. மருத்துவ இதழ்களிலும் விவாதிக்கப்பெற்றது. இந்நாட்டில் நடைபெறும் கட்டாயச் சிகிச்சையுள் பெரும்பகுதி மருத்துவமனையில் அன்று, சமையலறையில் நிகழ்கிறது என்று கூறினும் மிகையாகாது. அதற்கு நடுவர் ஆணை இல்லை, கால எல்லை இல்லை, மேல்முறையீடும் இல்லை. அத்தாயைக் குற்றவாளி எனக் கூறுவது அறமாகாது. மருத்துவமனை நூறு கல் தொலைவில் இருக்க, மருத்துவர் இல்லம் வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாதபோது, அவள் கைக்கு எட்டிய வழி அதுவே. எனினும், தான் உண்ணும் சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஐயுறுவதையே நோயின் அறிகுறியாகக் கொண்ட ஒருவர்க்கு, அந்த ஐயம் உண்மையாகிவிடும் கொடுமையை எந்த அறநூலாலும் எளிதில் தீர்க்க இயலாது. அவர் அதனை ஒருநாள் கண்டறிந்தால் மருந்தை மட்டுமன்றித் தாயையும் இழக்கிறார்.

1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பித்தர் என்னும் சொல் நீங்கி மனநோயாளர் என்னும் சொல் வந்தது. நோயாளியிடம் கொடுமை கூடாது என்னும் விதியும் இடம்பெற்றது. உறவினர் அல்லது நண்பர் விண்ணப்பித்தால், நடுவர் ஆணையின்றியே 90 நாள் வரை ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு இடம் தந்தது. குடும்பத்தின் பங்கைச் சட்டம் ஏற்றது இவ்வாறு. ஆனால் சேர்க்கப்பட்டபின் அவருக்கு அளிக்கும் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதல் வேண்டுமா என்பது பற்றித் தனியே எதுவும் கூறப்படவில்லை. உள்ளே வந்தவர் மருந்துக்கும் உடன்பட்டவரே என்று கொள்ளப்பட்டது. சேர்க்கையும் சிகிச்சையும் வேறுவேறு என்னும் அடிப்படை வேறுபாடு 130 ஆண்டுகளாகச் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதே 1993-இல்தான், குற்றம் செய்யாத மனநோயாளரைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அறிவிக்க நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அவ்வாறு ஒரு தீர்ப்புத் தேவைப்பட்டதே காவல் மரபின் ஆழத்தைக் காட்டும்.

ஏர்வாடி

2001-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த கீற்றுக்கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் இறந்தனர். ஏர்வாடி தர்காவின் அருளால் நோய் தீரும் என்னும் நம்பிக்கையில் சாதி சமய வேறுபாடின்றிப் பல மாநிலத்தவரும் அங்கு வருதல் நெடுநாள் வழக்கம். அந்நம்பிக்கையைச் சார்ந்து உரிமம் பெறாத தனியார் விடுதிகள் பல அங்கு முளைத்திருந்தன.

அந்நிகழ்வைப் பலரும் மூடநம்பிக்கையின் விளைவு என்று எழுதினர். அது பாதி உண்மை. நோயாளியை அங்குக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கு எட்டும் தொலைவில் வேறு என்ன இருந்தது என்பதே மீதிப் பாதி. 1982-இல் அறிவிக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை மனநல மருத்துவத்தைக் கொண்டுசெல்ல எண்ணியது. ஆயினும் இருபது ஆண்டுகளில் அது மிகச் சில மாவட்டங்களையே எட்டியிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அரசு மனநல மருத்துவமனைகள் பலவும் சிறையமைப்பைக் கைவிடவில்லை என்று காட்டியிருந்தது. எனவே குடும்பத்தின் முன் இருந்தவை இரண்டு: தொலைவிலுள்ள மதில், அருகிலுள்ள சங்கிலி.

இறப்புகளைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்ட உச்சநீதிமன்றம், மாநிலந்தோறும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் அமைய வேண்டுமெனப் 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது. ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டு, அங்கிருந்தோர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. பிற்காலத்தில் குஜராத்தின் உனாவாவிலும், பின்னர் ஏர்வாடியிலும் தர்காவை ஒட்டியே மனநல மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் ‘தவா–துவா’ ஏற்பாடு வந்தது. தவா என்பது மருந்து. துவா என்பது வேண்டுதல். வழிபட வந்தவரிடம் வழிபாட்டை விடச் சொல்லாமல் மருந்தையும் அருகில் வைத்தபோது, மருந்தை ஏற்றுக்கொண்டோர் பலர். கட்டாயச் சிகிச்சை வேண்டும் என்று வாதிடுவோர் இச்செய்தியை ஆழ்ந்து எண்ணுதல் நலம். மறுப்பு என நாம் கருதுவதில் எவ்வளவு உண்மையான மறுப்பு, எவ்வளவு மருத்துவம் எட்டாமை என்பதை, மருத்துவத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாலன்றி அறிய இயலாது.

2017: ‘ஏறத்தாழ நூறு விழுக்காடு துணை’

மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் விளைவாக எழுந்தது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அது 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயுற்றவர் உட்பட ஒவ்வொருவர்க்கும் தம் மருத்துவம் பற்றி முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்பதை இச்சட்டம் தொடக்கநிலையாகக் கொள்கிறது. தகவலைப் புரிந்துகொள்ளல், முடிவின் விளைவை உணர்தல், முடிவைத் தெரிவித்தல் ஆகியன அவ்வாற்றலின் அளவுகோல்கள். பிறர்க்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதாலேயே அவருக்கு ஆற்றல் இல்லை எனக் கூறலாகாது. நலமாக இருக்கும்போதே, பிற்காலத்தில் நோயுற்றால் தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று ஒருவர் எழுதி வைக்கலாம். தமக்காகப் பேசும் பிரதிநிதியையும் அவரே அமர்த்தலாம். அவர் உறவினராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

கட்டாயம் என்னும் சொல்லை இச்சட்டம் தவிர்க்கிறது. அதன் 89-ஆம் பிரிவு கூறுவதை நாம் ‘துணையுடன் சேர்க்கை’ எனலாம். தமக்குத் தாமே ஊறு செய்ய முயன்றவர், பிறரைத் தாக்கியவர் அல்லது அஞ்சச் செய்தவர், தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் ஊறுக்கு ஆளாகும் நிலையில் உள்ளவர் ஆகியோரை, இருவர் தனித்தனியே ஆராய்ந்து உறுதிசெய்தபின், பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை சேர்க்கலாம். ஏழு நாளுக்குள், பெண்களாயின் மூன்று நாளுக்குள், மனநல மறு ஆய்வு வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். சேர்த்தபின்னும் சிகிச்சைக்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும். சேர்க்கையும் சிகிச்சையும் இங்குத்தான் முதன்முதலாகப் பிரிக்கப்பட்டன.

ஆயினும் நோயாளி முடிவெடுக்க ‘ஏறத்தாழ நூறு விழுக்காடு துணை’ தேவைப்படும் நிலையில் இருந்தால், பிரதிநிதி அவருக்காகத் தற்காலிகமாக ஒப்புதல் தரலாம் என்கிறது அதே பிரிவு. மொழியாராய்ச்சியில் பழகியோர் இத்தொடரில் சற்று நின்று செல்லுதல் வேண்டும். நூறு விழுக்காடு துணை என்பது துணையன்று, மாற்றாள் முடிவு. கதவின் வழியே வெளியேற்றப்பட்ட கட்டாயம், துணை என்னும் பெயருடன் சாளரத்தின் வழியே திரும்புகிறது. இதைச் சட்டத்தின் வஞ்சகம் என்று சிலர் கூறுவர். 2014-இல் ஐ.நா. உடன்படிக்கைக் குழு வெளியிட்ட விளக்கம், ஒருவர்க்காகப் பிறர் முடிவெடுக்கும் முறைகளை அறவே நீக்க வேண்டும் என்றது. அவ்வளவுகோலில் இந்தியச் சட்டம் குறைவுடையதே. மறுபக்கம், இந்திய மனநல மருத்துவருள் பலர் இச்சட்டம் மேனாட்டுத் தனிமனிதக் கோட்பாட்டைக் கொண்டுவந்து குடும்பத்தைப் புறந்தள்ளுகிறது என்று குறைகூறினர்.

இரு குற்றச்சாட்டுகளும் ஒரே விதியைப் பற்றி எதிரெதிர்த் திசையில் எழுகின்றன. என் நோக்கில் இவ்விதி காக்கத்தக்கது. அதன் பெயர்தான் திருத்தத்தக்கது. கொடிய மனச்சிதைவின் உச்சத்தில், உண்ணாமலும் உறங்காமலும் குரல்களுக்கு அஞ்சி ஓடுபவரின் மறுப்பை அப்படியே ஏற்று விலகுவது அவர் உரிமையைப் போற்றுவதாகாது, கைவிடுவதாகும். ஆனால் அவ்வாறு தலையிடும்போது அதைக் கட்டாயம் என்று வெளிப்படையாகப் பெயரிட்டு, காலவரையறை வைத்து, ஏழு நாளுக்கொரு முறை அவர்தம் ஆற்றலை மறுபடி ஆராய்ந்து, மேல்முறையீட்டுக்கு வழிவிட வேண்டும். இவற்றுள் பெயர் நீங்கலாக ஏனைய யாவும் சட்டத்தில் உள்ளன. பெயர் மாற்றங்களின் வரலாற்றை 1920-இலும் 1987-இலும் கண்ட நாம், மென்மையான பெயர் கடுமையான செயலை மறைக்கும் என அஞ்சுதல் இயல்பே.

சங்கிலியால் பிணைப்பதை 95-ஆம் பிரிவு எவ்வகையிலும் தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் எனக் கொண்டு, அவரைத் தண்டியாமல் மருத்துவம் தரவேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 சூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நீங்கியது. எனினும் சட்டம் இயற்றியபின் 2019-இலும் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டிடம் ஒன்றில் நோயாளர் பிணைக்கப்பட்டிருந்தமை உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது.

அரசின்மேல் கட்டாயம்

இச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு 18-ஆவது. அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியில் நடக்கும் மனநல மருத்துவத்தைப் பெறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று அது கூறுகிறது. 1858 முதல் நோயாளியின்மேல் இருந்த கட்டாயம் இங்கு அரசின்மேல் திரும்புகிறது. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் மருத்துவமின்றி இருப்பதாகக் காட்டியது. அவர்களுள் மருந்தை மறுத்தோர் சிலரே ஆகலாம். மருந்து சென்று சேராதோரே பலர். கட்டாயச் சிகிச்சையின் எல்லைகளைப் பற்றி நாம் நடத்தும் விவாதம், அச்சிறு பகுதியைப் பற்றியதாகவே இருக்கிறது.

மறு ஆய்வு வாரியங்களின் நிலையும் இவ்வாறே. சட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னும் பல மாநிலங்களில் வாரியங்கள் அமையவில்லை. அமைந்தவையும் மாவட்டந்தோறும் இல்லை. துணையுடன் சேர்க்கப்பட்டவர் தம் சேர்க்கையை எதிர்த்து விண்ணப்பிக்கும் உரிமை வாரியத்தின் வழியாகத்தான் உயிர்பெறும். வாரியம் இல்லாத மாவட்டத்தில் அவ்வுரிமை தாளில் மட்டுமே நிற்கும். கட்டாயம் மட்டும் முழுமையாக நடைபெறும்.

சென்னை இல்லத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்டறிக்கைகள் இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் மின்பதிப்பு வழியாக ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. நோய்க்காரணம், இறப்பு, செலவு என்று அவற்றில் அட்டவணைகள் நீள்கின்றன. அவ்வட்டவணைகளைக் காவலரின் விவரத்தாள்களோடும் நடுவர் ஆணைகளோடும் ஒப்பிட்டுத் தமிழ்நிலப் பகுதிக்கென ஓர் ஆய்வு செய்யப்பெறின், யார் எவர் சொல்லின்பேரில் உள்ளே அனுப்பப்பட்டார், எத்தனை பேர் வீடு திரும்பினர் என்பன தெளியும். நலமடைந்த பின்னும் ஏற்பார் இன்றி மருத்துவமனையிலேயே தங்கிவிட்டோரை வெளியே கொணர உச்சநீதிமன்றம் 2017-இல் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அவர்தம் கதை எந்த ஆண்டின் அட்டவணையில் தொடங்குகிறது என்பதையும் அவ்வாய்வு காட்டக்கூடும்.